வேம்பு அக்காவின் கழுத்து

ஃப்ளெக்ஸ் கடைக்காரர் வேம்பு அக்காவின் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, கழுத்துப் பக்கம் மவுஸால் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்க்கத் தேய்க்க வீக்கம் கரைந்தது. புடவைக்கடை விளம்பரத்தில் வரும் பெண்ணின் கழுத்து மாதிரி ஆகிக்கொண்டு வந்தது.

"என்ன பண்றீங்க?" என்று அக்கா கேட்டார்.

"டச்சப்புங்க. தேர்தல் படம்ல, கழுத்து நல்லா இருக்க வேணாமா?"

"அது யாரு கழுத்து?"

"உங்களுதுதான்."

"என்னுது அப்படி இல்லையே. இருக்கறத இருக்கற மாதிரி போடுங்க. இந்தக் கழுத்தோடதான் வீடு வீடா ஓட்டுக் கேக்கப் போறேன்."

கடைக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். கூட வந்தவளாவது எடுத்துச் சொல்ல மாட்டாளா என்ற பார்வை. "அவங்க சொல்றபடியே போட்டுடுங்க" என்றேன். வீக்கம் திரும்பவும் படத்துக்கு வந்தது. பூட்டு சாவி சின்னத்துக்கு மேலே, கழலையோடு, சிரித்த முகமாக மேலப்பொய்கை ஊர் முழுக்க வேம்பு அக்கா நின்றார்.

என் பெயர் ஆயிஷா. பூதலூர் ரயிலடிப் பக்கம் தையற்கடை வைத்திருக்கிறேன். அக்கா முதலில் ஜாக்கெட் தைக்கத்தான் வந்தார். அப்புறம் தைக்க ஒன்றும் இல்லாதபோதும் வர ஆரம்பித்தார். அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் மாமனார் காலம் வரைக்கும் பண்ணைவேலை பார்த்த குடும்பம். இப்போது கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. கணவர் வீரையன் டிராக்டர் ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகளும் வெளியூரில் வேலையில் இருக்கிறார்கள். நடவுக் காலம் வந்துவிட்டால் சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் நடவு ஆட்களைக் கூட்டிப் போகிறவர் அக்காதான். இந்த வரப்பில் நின்று குரல் கொடுத்தால் மூன்று வயல் தள்ளி நிற்கிறவள் நிமிர்ந்து பார்ப்பாள். அப்படி ஒரு குரல்.

கழுத்தில் வீக்கம் வந்தது சின்னவன் பிறந்த பிறகு. முதலில் எலுமிச்சங்காய் போல இருந்தது, வருஷம் போகப் போக மாங்காய் அளவுக்கு வந்துவிட்டது. வலி கிடையாது. அதனால் யார் சொல்லியும் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா பார்க்கும்போதெல்லாம், "கழுத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க வேம்பு" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொள்ளச் சொன்னவர்களும் நிறையப் பேர். அந்தப் பேச்சையும் அவர் கேட்டதில்லை.

அந்த முறை ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். பத்து வருஷமாகத் தலைவராக இருந்தவர் தன் மனைவி மங்களாம்பிகையை நிறுத்தினார். எதிர்த்து யாரும் நிற்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தார். கடைசி நாளில் வேம்பு அக்கா போய் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தார்.

"உங்க தெருவுக்குன்னு ஒதுக்குவாங்க, அப்ப நில்லேன் வேம்பு. இப்ப என்ன அவசரம்?" என்று ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் சொல்லிப் பார்த்தார்.

"பொம்பளைங்களுக்குன்னு போட்டிருக்காங்க. நான் பொம்பளைதானே?" என்றார் அக்கா.

அவர் நின்றதற்குக் காரணம் ஒரு வடிகால். ஊரின் தாழ்வான வயல்களில் தேங்கும் மழைத்தண்ணீர் அது வழியாகத்தான் ஆற்றுக்கு வடிய வேண்டும். பழைய தலைவர் அதைத் தூர்த்துத் தென்னந்தோப்போடு சேர்த்துக்கொண்டார். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் அக்கா தெருக்காரர்களின் வயல் முழுக்கத் தண்ணீரில் கிடந்து பயிர் அழுகும். மனுக் கொடுத்தார்கள், பேசிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. "நானே போய் அந்த நாற்காலியில உக்காந்தாத்தான் தண்ணி வடியும்" என்று என் கடையில் உட்கார்ந்து ஒரு நாள் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

பிரச்சாரம் சூடு பிடித்த நேரத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. வேம்புக்குக் கழுத்தில் கேன்சர், ஆறு மாதம்கூடத் தாங்காது, ஜெயித்தாலும் மறுபடி தேர்தல் வைக்கத்தான் வேண்டும், போடுகிற ஓட்டு வீண். யார் கிளப்பிவிட்டது என்று கேட்க வேண்டியதே இல்லை. இரண்டே நாளில் பூதலூரில் என் கடை வரைக்கும் அது வந்துவிட்டது.

அன்று மத்தியானம் அக்கா கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு, "ஆயிஷா, அவனுவ சொல்றது நெசமா இருந்துட்டா?" என்றார்.

அந்தக் குரலை நான் அதுவரைக்கும் கேட்டதில்லை.

"நாளைக்கே ஸ்கேனுக்குப் போயிடலாம்க்கா" என்றேன்.

"அவனுவளுக்குப் பதில் சொல்லப் போகல. என் கழுத்துக்குள்ள என்ன இருக்குன்னு ஊருக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்."

காலை ரயிலில் தஞ்சாவூர் போனோம். மெடிக்கல் காலேஜ் சாலையில் ஒரு ஸ்கேன் சென்டர். அங்கே டாக்டர் இசைவாணி என்று ஒரு இளம் பெண் இருந்தார். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்துப் பெண் என்று பேச்சில் தெரிந்தது. அக்காவைக் கட்டிலில் படுக்கவைத்து, தோளுக்கடியில் தலையணை கொடுத்து, தலையைப் பின்னால் சாய்க்கச் சொன்னார். கழுத்து முழுவதும் விறைத்து மேலே எழும்பியது. குளுகுளுவென்று ஒரு கூழைத் தடவினார்கள்.

"இதுல கரண்டு கிரண்டு ஏறுமா?" என்று அக்கா கேட்டார்.

"இல்லம்மா. வெறும் சத்தம்தான். நம்ம காதுக்குக் கேக்காத சத்தம். உள்ள போயி மோதித் திரும்பி வரும். அதைத்தான் மிஷின் படமாக் காட்டுது."

"என் தொண்டைக்குள்ள சத்தத்துக்கா பஞ்சம்?"

டாக்டர் சிரித்துவிட்டார். சோப்புக்கட்டி அளவில் இருந்த கருவியைக் கழுத்தில் வைத்து மெல்ல நகர்த்தினார். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதேதோ அசைந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் எங்களுக்கும் தெரியும்படி திரையைக் கொஞ்சம் திருப்பினார்.

"இதான் தைராய்டு. மூச்சுக்குழாய்க்கு இந்தப் பக்கம் ஒரு மடல், அந்தப் பக்கம் ஒரு மடல். வலப்பக்கம் நல்லா வீங்கியிருக்கு. இங்க பாருங்க, இது கறுப்பா இருக்கா? நீர் கோத்த கட்டி. இது ஸ்பாஞ்ச் மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கா? இதுவும் சாதுவான கட்டிதான். எச்சில் முழுங்குங்கம்மா... ம். வெளியில தெரியிற வீக்கமெல்லாம் இதுங்கதான். இதுக்கெல்லாம் பயப்பட வேண்டாம்."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அக்காவும் என் கையைத் தேடிப் பிடித்து அழுத்தினார்.

அதற்குள் கருவி இடப்பக்கம் போயிருந்தது. டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே இடத்தில் வைத்துச் சாய்த்தார், திருப்பினார், மறுபடி அங்கேயே கொண்டுவந்தார். ஏதோ பட்டனை அழுத்தியதும் திரையில் சிவப்பும் நீலமுமாக ரத்த ஓட்டம் மின்னியது. அளவெடுத்தார். பிறகு கழுத்தின் இரண்டு ஓரமும், காதுக்குக் கீழே வரைக்கும், நிதானமாகப் பார்த்தார்.

"சொல்லுங்கம்மா. எதுவா இருந்தாலும் சொல்லுங்க" என்றார் அக்கா, படுத்தபடியே.

"இடப்பக்கம் ஒண்ணு இருக்கு. சின்னதுதான், சுண்டைக்காய் அளவு. ஆனா இது மத்ததுங்க மாதிரி இல்ல. ஓரம் ஒழுங்கா இல்ல, உள்ள பொடிப்பொடியா வெள்ளைப் புள்ளி இருக்கு. எனக்கு இதுமேலதான் சந்தேகம்."

"கேன்சரா?"

"படத்தை மட்டும் பாத்து ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. ஸ்கேன்ல பாத்துக்கிட்டே ஊசியால கொஞ்சம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும். பக்கத்துல எங்கயும் நெறி கட்டல. அது நல்லதுதான்."

அக்கா மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தார். "அப்ப இத்தன வருஷமா எல்லாரும் கேலி பண்ணிட்டிருந்தது ஒண்ணுமில்லாத வீக்கத்தப் பாத்துத்தானா?" என்றார். பிறகு, "இப்பவே எடுத்துடுங்க. இன்னொரு தடவ வந்து படுக்கற தைரியம் இருக்குமான்னு தெரியல" என்றார்.

அன்றே ஊசி போட்டார்கள். திரையில் அந்தச் சுண்டைக்காய்க்குள் ஊசிமுனை போவதை நானே பார்த்தேன். அக்கா முகத்தைச் சுளிக்கவில்லை, என் விரல்கள்தான் நசுங்கின. முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். ஓட்டுப்பதிவு அதற்கு முன்பே வந்துவிடும்.

பூதலூர் ஸ்டேஷனில் வீரையன் அண்ணன் பைக்கோடு காத்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். பைக் சீட்டைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"ஒண்ணுமில்லன்னு சொல்லிடு வேம்பு."

"ஒண்ணுமில்லன்னு அந்தம்மா சொல்லலையேங்க."

"தேர்தல் முடியற வரைக்கும்தான் புள்ள. அப்புறம் பாத்துக்கலாம்."

"நாளைக்கு ஒண்ணு இருக்குன்னு வந்துட்டா? ஏமாத்தி ஓட்டு வாங்குனவன்னு ஆயிடும். அதுக்குப் பழைய தலைவரே இருந்துட்டுப் போறாரு."

அண்ணனுக்குக் கண் கலங்கியது. ஓட்டுக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். அக்கா அவர் தோளில் கை வைத்து ஏறி உட்கார்ந்தார். "வண்டிய எடுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் மாரியம்மன் கோயில் முச்சந்தியில் மைக் கட்டிய ஆட்டோ நின்றது. நானும் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டுப் போயிருந்தேன். கழுத்தில் ஊசி போட்ட இடத்தில் பிளாஸ்திரியோடு அக்கா மைக்கைப் பிடித்தார்.

"எனக்குக் கேன்சர்னு ஊரெல்லாம் சொல்றாங்க. நீங்களும் கேட்டிருப்பீங்க. அதனால இன்னைக்குத் தஞ்சாவூர் போயி ஸ்கேன் எடுத்துட்டு வந்தேன். நீங்க பாக்கறீங்களே இந்த வீக்கம், இதுல ஒண்ணுமில்லயாம். இடப்பக்கம் உள்ளுக்குள்ள சின்னதா ஒண்ணு இருக்காம். அது மேலதான் டாக்டருக்குச் சந்தேகம். ஊசி போட்டு எடுத்து அனுப்பியிருக்காங்க. என்னன்னு இன்னும் தெரியாது. தெரிஞ்சதும் இதே எடத்துல வந்து சொல்றேன். நீங்க ஓட்டுப் போடறப்ப தெரிஞ்சே போடுங்க."

கூட்டத்தின் பின்னாலிருந்து பழைய தலைவரின் ஆள் ஒருவன் கத்தினான். "அப்ப உனக்குப் போடற ஓட்டு வேஸ்ட்டுதானே?"

"ஏம்ப்பா, உங்க தலைவருக்குச் சக்கரை இருக்கு, பிரஷர் இருக்கு. ரெண்டு தடவ நெஞ்சுவலின்னு கார்ல தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடுனீங்க. ஓட்டு வேஸ்ட்டுன்னு அப்ப யாராவது சொன்னமா? ஆம்பளைக்கு வந்தா அது நோவு. பொம்பளைக்கு வந்தா மட்டும் நாற்காலிக்கு ஆகாதா?"

முதலில் நடவுப் பெண்கள்தான் கை தட்டினார்கள். அப்புறம் எதிர்த் தெருவிலிருந்தும் சத்தம் வந்தது.

மறுநாள் என் கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மங்களாம்பிகை அம்மா இறங்கி உள்ளே வந்தார். ஜாக்கெட் துணி ஒன்றை மேசையில் வைத்தார், ஆனால் அளவு சொல்லவில்லை. டிரைவர் வெளியே நிற்கிறானா என்று பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில், "அந்த ஸ்கேன் எடுத்தா வலிக்குமா?" என்று கேட்டார்.

"யாருக்கும்மா?" என்றேன். அவர் ஜாக்கெட்டின் காலரைக் கீழே இறக்கிக் காட்டினார். நான் தைத்துக் கொடுத்த காலர்தான். மூன்று வருஷமாக அவருக்குக் கழுத்து மூடிய ஜாக்கெட்தான் தைத்து வருகிறேன், அதை நாகரிகம் என்று நினைத்திருந்தேன். உள்ளே ஒரு வீக்கம் இருந்தது.

"எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும். பொண்ணு கல்யாணம் முடியட்டும்னாரு. முடிஞ்சுது. இப்பத் தேர்தல் முடியட்டும்கறாரு. வேம்பு நேத்து மைக்ல பேசுனத வீட்டுல இருந்து கேட்டேன். எந்த டாக்டர்?"

டாக்டர் பெயரையும் இடத்தையும் சொன்னேன். இதை நான் வெளியில் சொல்லவில்லை. பின்னாளில் அவரே தன் வாயால் ஊரறியச் சொன்னதால்தான் இப்போது எழுதுகிறேன்.

தேர்தலில் வேம்பு அக்கா ஜெயித்தார். பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது, ஆனால் ஜெயித்தார். மாலை வாடுவதற்குள் டெஸ்ட் முடிவு வந்தது. கேன்சர்தான்.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை டாக்டர் பொறுமையாக விளக்கினார். தைராய்டில் வருகிற கேன்சர்களில் இது மெதுவாக வளர்கிற வகை. சுரப்பியை முழுவதும் எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்கள் நல்லபடியாகவே இருக்கிறார்கள். அதன்பின் வாழ்நாள் முழுக்கக் காலையில் ஒரு மாத்திரை. அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"குரல் போயிடுமா?"

"குரலுக்கான நரம்பு சுரப்பிக்கு ஒட்டினாப்பல பின்னாடி ஓடுது. ஜாக்கிரதையாத்தான் செய்வோம். கொஞ்ச நாள் கம்மிப்போகலாம். ரொம்பச் சில பேருக்கு மட்டும் பழையபடி வராது."

வெளியே வந்து வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்கா அழுதார். வீரையன் அண்ணன் எதிரே தரையில் குந்தி, என்ன செய்வதென்று தெரியாமல் அக்காவின் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு அக்கா சொன்னார்: "பதவி ஏத்துட்டு வந்து படுக்கறேன்." அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

சொன்னபடியே முச்சந்தியில் நின்று ஊருக்கும் சொன்னார். "ஆமாம், கேன்சர்தான். அறுத்து எடுக்கப் போறாங்க. நான் திரும்பி வருவேன்."

பதவியேற்ற மறுநாள் பழைய தலைவர் நாலு பேரோடு ஊராட்சி அலுவலகத்துக்கு வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். அக்கா நாற்காலியிலிருந்து எழவில்லை. அக்காவின் மாமனார் இந்த மனிதரின் அப்பா முன்னால் ஒரு நாளும் உட்கார்ந்திருக்க மாட்டார்.

"உடம்பு முடியாத நேரத்துல இந்தச் சுமை எதுக்கும்மா? ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா ரெஸ்ட் எடு. துணைத்தலைவர் பாத்துக்குவாரு" என்றார் அவர், ரொம்பக் கனிவாக.

"தொண்டையத்தான் அறுக்கப் போறாங்க. கையெழுத்துப் போடற கைய இல்ல. நீங்க போயிட்டு வாங்க."

அவர் போய்விட்டார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் குரல் வரவில்லை. காற்றுத்தான் வந்தது. குடியரசு தினத்துக் கிராம சபைக்கு வர வேண்டாம் என்று அண்ணன் கெஞ்சினார், நானும் சொன்னேன். அக்கா கேட்கவில்லை. தையல் காயாத கழுத்தோடு பள்ளிக்கூட மரத்தடியில் வந்து உட்கார்ந்தார். கழுத்தில் துணி எதுவும் சுற்றிக்கொள்ளவில்லை. வடிகாலை அளந்து மீட்க வேண்டும் என்ற தீர்மானத்தைப் படிக்க எழுந்தார். "கேக்கல, கேக்கல" என்று பின்னாலிருந்து வேண்டுமென்றே கத்தினார்கள். மைக்கில் பேசினால் வெறும் இரைச்சல்தான் வந்தது. அக்கா அதைத் தள்ளி வைத்துவிட்டு, முன்வரிசையில் இருந்த நடவுப் பெண்களைப் பார்த்தார். ஒரு வரி சொன்னார். அவர்கள் அதை உரக்கத் திருப்பிச் சொன்னார்கள். அடுத்த வரி. திரும்பவும் அவர்கள். கொஞ்ச நேரத்தில் கத்தியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். தீர்மானம் நிறைவேறியது.

சர்வேயர் வந்து கல் நட்டு, பழைய தலைவர் கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கி, அது உடைந்து, தென்னைகளை வெட்டி வடிகாலைத் திறக்க இரண்டு கோடை ஆனது. அதற்குள் அக்கா எத்தனை முறை தஞ்சாவூர் போனார் என்பது அவருக்கே தெரியாது. பாதி கலெக்டர் ஆபீசுக்கு, பாதி ஆஸ்பத்திரிக்கு. பழைய தலைவர் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை. மங்களாம்பிகை அம்மா பேசுகிறார். தேர்தல் முடிந்த வாரமே யாரையும் கேட்காமல் பஸ் ஏறிப் போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டார். அவருக்கு இருந்தது நீர் கோத்த கட்டிதான். வருஷத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டர் இசைவாணி. கோயில் வரிசையில் நின்றுகொண்டே இதைப் பக்கத்திலிருந்தவர்களிடம் அவரே சொன்னார். அதற்கப்புறம் மேலப்பொய்கையில் எத்தனையோ பெண்கள் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு ரயில் ஏறினார்கள். சிலரோடு அக்காவே போனார்.

அக்காவின் குரல் மெல்ல மெல்ல வந்தது. முழுசாக வரவில்லை. வரப்பிலிருந்து வரப்புக்குக் கூப்பிட முடியாது. கரகரவென்று, அடித்தொண்டையில் பேசுகிறார். போன மாதம் ஸ்கேனுக்கு நானும் கூடப் போயிருந்தேன். தைராய்டு இருந்த இடம் வெறுமையாக, சுத்தமாக இருக்கிறது என்று காட்டினார் டாக்டர்.

திரும்பி வரும்போது ரயிலில் ஊர்க்காரர் ஒருவர் எதிரே உட்கார்ந்தார். பேச்சுவாக்கில், "அடுத்த தடவ நம்ம ஊர் பொதுத் தொகுதியா மாறிடுமாம். ஆம்பளைங்களும் நிக்கலாம்" என்றார்.

"நிக்கட்டுமே" என்றார் அக்கா, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே. "நானும் நிப்பேன்."